வேப்பிலைச் சாறு எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) கிருமிக்கு 18 மி.மீ. வளையம் காட்டியது, ஆன்டிபயாட்டிக்கை விடச் சிறந்தது என்று புராஜெக்டில் எழுதலாமா?

எழுத வேண்டாம். நீங்கள் கொடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். எத்தனால் சாறு மி.லி.க்கு 100 மி.கி., அகார் தட்டின் குழிக்கு 100 மைக்ரோலிட்டர், கிருமி வளராத வளையம் 18 மி.மீ. அதே தட்டில் செஃபாக்சிடின் என்ற ஆன்டிபயாட்டிக் டிஸ்குக்கு 14 மி.மீ. குழிக்குள் போனது 10 மி.கி., அதாவது 10,000 மைக்ரோகிராம். டிஸ்கில் இருந்ததோ 30 மைக்ரோகிராம். முந்நூறு மடங்குக்கும் மேல் சரக்கு போட்டு நான்கு மி.மீ. கூடக் கிடைத்திருக்கிறது. தவிர, செஃபாக்சிடினுக்கு 21 மி.மீ. அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் அந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியசை எம்.ஆர்.எஸ்.ஏ. என்றே சொல்கிறோம். வேலை செய்யாது என்று முன்பே தெரிந்த மருந்தோடு ஒப்பிட்டு எதையும் சிறந்தது என்று சொல்ல முடியாது. அந்த 14 மி.மீ. சொல்வது, கையில் இருப்பது எம்.ஆர்.எஸ்.ஏ.தான் என்பதை மட்டும்.

வளையத்தின் அகலம் மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை. பொருள் அகாருக்குள் எவ்வளவு தூரம் பரவியது என்பதும் அதில் கலந்திருக்கிறது. நீரில் கரையாத எண்ணெய்ப்பசைப் பொருள்கள் குழியின் ஓரத்திலேயே நின்றுவிடும். நல்ல மருந்துக்கே இந்தச் சிக்கல் உண்டு: வான்கோமைசின் பெரிய மூலக்கூறு, சரியாகப் பரவாது, அதனால் ஸ்டஃபைலோகாக்கசுக்கு அதன் டிஸ்க் முடிவை யாரும் நம்புவதில்லை, எம்.ஐ.சி. பார்க்கிறார்கள். உங்களுக்கும் அதுதான் வழி. எம்.ஐ.சி., அதாவது கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு என்ன என்று 96 குழித் தட்டில் பாருங்கள்.

சாறு எடுப்பதிலிருந்து தொடங்குங்கள். நிழலில் உலர்த்திய இலைப்பொடி 100 கிராமுக்கு 70 சதவீத எத்தனால் ஒரு லிட்டர், 48 மணி நேரம் ஊறல், அவ்வப்போது குலுக்கல். வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவிட்டு, எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். எத்தனால் மிச்சமிருந்தால் அதுவே கிருமியைக் கொல்லும். தட்டில் அந்தப் பெயர் சாறுக்குப் போய்விடும். உலர்ந்ததை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் மி.லி.க்கு 100 மி.கி. என்று கரையுங்கள். செல்லுலோஸ் நைட்ரேட், அசிடேட் வடிகட்டிகளை டி.எம்.எஸ்.ஓ. கரைத்துவிடும், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கரைசலை முல்லர்-ஹின்டன் பிராத் என்ற கிருமி வளர்க்கும் திரவத்தில் ஐம்பது மடங்கு நீர்க்கச் செய்தால் மி.லி.க்கு 2,000 மைக்ரோகிராம். முதல் குழியில் 200 மைக்ரோலிட்டர் விடுங்கள். இரண்டு முதல் பத்து வரை வெறும் பிராத் 100 மைக்ரோலிட்டர். முதல் குழியிலிருந்து 100 எடுத்து அடுத்ததில் கலந்து, அதிலிருந்து 100 எடுத்து அதற்கடுத்ததில், இப்படியே போய்ப் பத்தாவதிலிருந்து 100 மைக்ரோலிட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். கிருமிக் கலவையின் கலங்கலை 0.5 மெக்ஃபார்லண்டு என்ற அளவுகோலுக்குச் சரிசெய்து, 150 மடங்கு நீர்க்கச் செய்து, ஒவ்வொரு குழியிலும் 100 மைக்ரோலிட்டர் சேருங்கள். இப்போது செறிவு 1,000 மைக்ரோகிராமில் தொடங்கிச் சுமார் 2 மைக்ரோகிராம் வரை இறங்கும், கிருமி மி.லி.க்கு ஏறத்தாழ 5 லட்சம், டி.எம்.எஸ்.ஓ. எங்கும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. பதினோராவது குழியில் சாறு இல்லாமல் கிருமியும் ஒரு சதவீத டி.எம்.எஸ்.ஓ.வும், பன்னிரண்டாவதில் வெறும் பிராத். 35 டிகிரியில் 24 மணி நேரம்.

கீழே இரண்டு வரிசை கட்டாயம் ஒதுக்குங்கள். ஒன்றில் கிருமி இல்லாமல் சாறு மட்டும், அதே செறிவுகளில். இன்னொன்றில் வான்கோமைசினும், ஒப்பீட்டுக்கென வைத்திருக்கும் ஏ.டி.சி.சி. 29213 என்ற ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியும், அதன் எம்.ஐ.சி. 0.5க்கும் 2 மைக்ரோகிராமுக்கும் இடையே வராவிட்டால் அன்றைய தட்டு முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். பெரும்பாலான புராஜெக்டுகள் சாறு மட்டும் உள்ள முதல் வரிசையை விட்டுவிட்டுத்தான் சிக்கிக்கொள்கின்றன. டி.எம்.எஸ்.ஓ.வில் தெளிவாக இருந்த சாறு பிராத்தில் பட்டதும் வெண்மையாகத் திரிந்து அடியில் படியும். பார்ப்பவர் கிருமி வளர்ந்துவிட்டது என்று குறித்துக்கொள்வார். ரெசசூரின் சாயம் விட்டாலும் தப்ப முடியாது. உயிருள்ள கிருமி நீலத்தை இளஞ்சிவப்பாக மாற்றும் என்பதுதான் அதன் கணக்கு. பாலிஃபீனால் நிறைந்த சாறு கிருமியே இல்லாமலும் மாற்றிவிடும். டானின் அதிகமுள்ள சாறு கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துத் திரித்துப் பொய்யான வெற்றி காட்டும். கடுக்காய், மாதுளைத் தோல் எடுப்பவர்கள் டானினைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி.பி. பொடி போட்டு அதை நீக்கி, மறுபடியும் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் தெளிந்த குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகாரில் சொட்டுங்கள். ஐந்து காலனிக்கு மேல் வராவிட்டால் ஏறத்தாழ 99.9 சதவீதம் செத்திருக்கிறது. நிறைய வந்தால் வளர்ச்சி நின்றிருந்ததே தவிரக் கிருமி சாகவில்லை.

கிடைக்கும் எண்ணை எப்படிப் படிப்பது? கச்சாச் சாறுக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் தொடர்ந்து போக மதிப்புண்டு. தனிப்பொருளுக்கு 10க்குக் கீழே வர வேண்டும். மி.லி.க்கு 5 மி.கி. என்று வந்தால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: ஐந்து லிட்டர் ரத்தத்தில் அந்தச் செறிவை நிறுத்த 25 கிராம் சாறு ரத்தத்துக்குள்ளேயே கரைந்து நிற்க வேண்டும். நடக்காது. ஆனால் நல்ல எண்களும் இருக்கின்றன. நீலகிரியில் தவிட்டுப்பழம் என்று தின்னும் செடியின் இலையிலிருந்து தாய்லாந்து ஆய்வாளர்கள் பிரித்த ரோடோமிர்டோன், ஸ்டஃபைலோகாக்கசை ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவில் தடுக்கிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகளிடம் இந்த எதிர்பார்ப்பு வேண்டாம். வெளிச்சவ்வும் வெளியேற்றும் பம்புகளும் பெரும்பாலான தாவரப் பொருள்களை உள்ளே தங்க விடுவதில்லை.

என் கணிப்பில் மூலிகைக்கு உண்மையான இடம், மருந்துக்குத் துணையாகப் போவதில்தான். மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரினை ஸ்டஃபைலோகாக்கஸ் நார்-ஏ என்ற பம்பால் வெளியே தள்ளிவிடும். ஆனால் பெர்பெரின் தரும் அமெரிக்கச் செடி ஒன்று, அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் தானே தயாரிக்கிறது என்று 2000இல் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருளுக்குத் தனியாகக் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. வளையம் மட்டும் பார்த்திருந்தால் குப்பைக்குப் போயிருக்கும்! நம் மிளகின் பைப்பரினும் இதே பம்பைத் தடுக்கிறது. ஆகவே உங்கள் சாற்றை ஆக்சசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு செக்கர்போர்டு முறையில், அதாவது இரண்டின் செறிவுகளையும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி, சேர்த்துப் பாருங்கள். சாறின் எம்.ஐ.சி. 500இலிருந்து 125 ஆகவும், ஆக்சசிலினுடையது 64இலிருந்து 8 ஆகவும் இறங்கினால், புதிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்துக் கிடைக்கும் 0.25ம் 0.125ம் சேர்த்து 0.375. கூட்டுத்தொகை 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்று தைரியமாக எழுதலாம்.

அடுத்து நச்சுத்தன்மை, செடியின் அடையாளம். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கக் கொடுத்த சீன மூலிகையில் ஸ்டெஃபானியா வேருக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா வேர் கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டோலோக்கியா பேரினம். நாட்டுமருந்துக் கடைப் பொடியில் ஆய்வு தொடங்காதீர்கள். மரமஞ்சள் என்று கேட்டால் வேறொரு செடியின் கட்டை வரலாம். பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, கோவையில் உள்ள தாவரவியல் ஆய்வு மைய ஹெர்பேரியத்திலோ (உலர்ந்த செடிகளின் காப்பகம்) திருச்சி ரபினாட் ஹெர்பேரியத்திலோ அடையாளம் உறுதி செய்து எண் வாங்குங்கள்.

வீட்டில் ஒருவருக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. புண் இருப்பதால் இதைக் கேட்டிருந்தால், அரைத்த வேப்பிலையைப் புண்ணில் பூசாதீர்கள். இலையோடு மண்ணிலுள்ள கிருமி வித்துகளும் போகும். டெட்டனசும் அதில் சேர்த்தி. கல்ச்சர் ரிப்போர்ட்டில் வேலை செய்யும் என்று குறித்திருக்கும் மருந்தை, மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் கொடுங்கள்.