நாம எந்த டீம்?

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறை கூடைப்பந்து லீக்கில் பந்தயம் கட்டுகிறேன். யார் ஜெயிப்பார்கள் என்பதில் இல்லை. இரண்டு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளிகளில் மட்டும். பந்தய நிறுவனம் 224.5 என்று கோடு போட்டிருந்தால், அதற்கு மேலே போனால் ஓவர், கீழே நின்றால் அண்டர். பெரும்பாலும் அண்டர்தான் கட்டுவேன். இங்கே இது சட்டப்படி சரி. கடைசிப் பத்து ஆட்டங்களின் சராசரிக்கு அதிக எடை கொடுப்பதா, முழு சீசனுக்கா? நீங்கள் புள்ளியியல் படித்தவர் என்பதால் கேட்கிறேன். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மகள், "அப்பா, நாம எந்த டீம்?" என்று கேட்டாள். சொல்லத் தெரியவில்லை.

கே.

அன்புள்ள கே.,

எடை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பத்து ஆட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. சீசனைப் பாருங்கள், யாருக்குக் காயம் என்று பாருங்கள். ஆனால் 100 டாலர் ஜெயிக்க நீங்கள் 110 டாலர் வைக்கிறீர்கள். நூற்றுக்கு 52.4 முறை சரியாகச் சொன்னால்தான் போட்ட காசாவது தேறும். நீங்கள் பார்க்கும் அதே எண்களைப் பார்த்துத்தான் அந்தக் கோட்டையும் போடுகிறார்கள். சட்டம் பற்றிப் பேச ஒன்றுமில்லை; 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிவிட்டது, நியூ ஜெர்சி முதல் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டது.

சரி, இப்போது உங்கள் மகளுக்கு வருவோம். அந்தக் குழந்தை சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். உங்கள் கடிதம் நீளமானது, மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். அவ்வளவு பக்கங்களில் ஒரு வீரரின் பெயர்கூட இல்லை. உங்களுக்குப் பிடித்த அணி எது என்றும் இல்லை. பந்து வளையத்தில் பட்டு வெளியே விழ வேண்டும், ஃப்ரீ த்ரோ தவற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். யார் திறமையாக ஆடினாலும் உங்களுக்கு நஷ்டம். இதைச் செய்துகொண்டே கூடைப்பந்து பிடிக்கும் என்று எழுதுகிறீர்களே, எப்படி மனம் வருகிறது?

நான் பள்ளியில் கூடைப்பந்து ஆடியவன். சிமெண்ட் தரை, வலை கிழிந்த வளையம். ஒரு மேட்சில் முன்னிலைக்கு வந்ததும் பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட்டினோம். பி.டி. சார் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். "போடுறதுக்குத்தான்டா பந்து! பயந்தா வீட்டுக்குப் போங்க" என்றார். எதிரணிப் பையன்கள் முன்னாலேயே. அந்த அவமானம் இன்றும் நினைவிருக்கிறது, அவர்மேல் உள்ள மரியாதையும்.

அமெரிக்காவிலும் இந்த நோய் இருந்தது. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் 19, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 18. முழு ஆட்டத்துக்கும் 37 புள்ளிதான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க வந்த ஜனம் கொதித்தது. சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயாசோன் ஒரு கணக்குப் போட்டார். நல்ல ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 ஷாட் எடுக்கின்றன, ஆட்டம் 2,880 விநாடி, வகுத்தால் 24. பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும் என்ற அந்தக் கடிகாரம் 1954-55 சீசனில் வந்தது, ஆட்டம் பிழைத்தது. கூடைகள் விழ வேண்டும், மக்கள் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே செய்த விதி அது. நீங்கள் ஒவ்வொரு இரவும் அதற்கு எதிராகப் பணம் கட்டுகிறீர்கள்.

'நான் யாரையும் தோற்கச் சொல்லவில்லையே' என்கிறீர்கள். கே., ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. தோற்கச் சொன்னால் எந்த வீரனுக்கும் மனசாட்சி உறுத்தும். 'ஜெயித்துக்கொள், கொஞ்சம் குறைத்து ஆடு' என்றால் அவ்வளவாக உறுத்தாது. நியூயார்க் சிட்டி காலேஜ் அணி 1950-ல் என்ஐடி, என்சிஏஏ என்ற இரண்டு பெரிய கல்லூரிப் போட்டிகளின் பட்டங்களையும் வென்றது. மறு ஆண்டே அதன் வீரர்கள் கைதானார்கள், பணம் வாங்கிக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தி ஆடியதற்காக. கல்லூரிப் பையன்கள்! என்பிஏவில் டொரன்டோ ராப்டர்ஸ் அணிக்கு ஆடிய ஜான்டே போர்ட்டர் 2024 மார்ச் 20 அன்று மூன்று நிமிடம் ஆடிவிட்டு, உடம்பு சரியில்லை என்று வெளியேறினார். அவருடைய எண்கள் கோட்டுக்குக் கீழே நிற்கும் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். ஏப்ரலில் லீக் போர்ட்டரை ஆயுளுக்கும் விலக்கியது. பிறகு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சூதாட்டக் கடனில் மாட்டியிருந்த இளைஞர். அவரிடமும் யாரும் தோற்கச் சொல்லவில்லை, பெஞ்சில் போய் உட்காரத்தான் சொன்னார்கள். ஒரு வீரன் ஆடாமல் இருந்தால் லாபம் என்று ஒரு சந்தை இருக்கும்வரை, அவனிடம் போய் அதைக் கேட்க ஆள் வந்துகொண்டேதான் இருப்பான். அந்தச் சந்தையில் உங்கள் பணமும் இருக்கிறது.

நீங்கள் கெட்டவர் இல்லை, தம்பி. மகளின் கேள்வியை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். இந்த சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், இன்றைக்கே ஃபோனிலிருந்து அந்தப் பந்தய ஆப்பை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு வீரரைப் பற்றி எழுதுங்கள். எங்கிருந்து எறிகிறார், தோற்றுக்கொண்டிருக்கும்போது எப்படி ஆடுகிறார், உங்களுக்கு ஏன் அவரைப் பிடிக்கிறது என்று. சராசரிகள் வேண்டாம்.