2008 சென்னை ஓப்பன் இறுதியாட்டத்தில் நடால் 6-0, 6-1 என்று தோற்றது எப்படி?

பழைய முடிவுப் பட்டியல் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது அச்சுப்பிழையா?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பிழை இல்லை. 2008 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை, நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் ரஷ்யாவின் மிகைல் யூஷ்னி அப்படித்தான் ஜெயித்தார். அப்போது ஸ்பெயினின் நடால் உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். நான் டிவியில் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டிலும் அது பதிவாகியிருக்கிறது.

அந்த நோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், சிறு வயதில் பினாங்கில் ஒரு கடைக்குப் பெட்டியடிப் பையனாக (எடுபிடிப் பையன்) போய் அடுத்தாள் (முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த ஆள்) வரைக்கும் வந்தவர். (கடை என்றால் மளிகைக் கடை இல்லை, வட்டிக்கடை. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.) துரைமார் டென்னிஸ் ஆடுவதை அங்கே வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பழகியிருக்கிறார். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார் அல்லவா? முதல் வருஷம் நீல் ஃப்ரேசரிடம் தோல்வி, அடுத்த வருஷம் ராட் லேவரிடம். இரண்டு தடவையும் அவரை ஜெயித்தவர்தான் கோப்பையையும் எடுத்தார். ஐயாவுக்கு அந்தக் குறை கடைசி வரை தீரவில்லை. பேப்பரில் இறுதியாட்டத்தைப் பெரிதாகவும் அரையிறுதியைப் பொடி எழுத்திலும் போடுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. "அரையிறுதி எழுதலைன்னா அது பாதிக் கணக்கு" என்பார்.

சென்னை ஓப்பன் 1996ல் டெல்லியில் தொடங்கி மறு வருஷமே சென்னைக்கு வந்தது. 1997லிருந்து ஐயா அதைப் பேரேடு மாதிரி எழுதிவந்தார். சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. ஒவ்வொரு வருஷத்துக்கும் மூன்று வரி: இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. ஸ்கோரைச் சாதாரண எண்ணில் எழுதி, டைபிரேக்கர் புள்ளியை மட்டும் பக்கத்தில் சின்னதாகத் தமிழ் எண்ணில் போடுவார். எட்டுக்கு அவர் போடும் ௮ அப்படியே 'அ' போல இருக்கும். சின்ன வயதில் நான் அதை யாரோ ஆட்டக்காரரின் இனிஷியல் என்று நினைத்திருந்தேன்.

டைபிரேக்கர் புள்ளியை எப்படிப் படிப்பது என்று தெரியாதவர்களுக்கு: ஒரு செட்டில் இருவரும் ஆளுக்கு ஆறு கேம் எடுத்துச் சமமாகிவிட்டால், அந்தச் செட்டை முடிக்க ஆடுவது டைபிரேக்கர். 7-6 என்று முடிந்த செட்டுக்குப் பக்கத்தில் 3 என்று இருந்தால், டைபிரேக்கரில் தோற்றவர் எடுத்த புள்ளி 3, ஜெயித்தவர் 7. பக்கத்தில் 8 என்று இருந்தால் 10-8. இரண்டு புள்ளி வித்தியாசம் வந்தால்தான் முடியும்.

சரி, 2008க்கு வருவோம். ஜனவரி 5, சனிக்கிழமை அரையிறுதி. நடாலும் கார்லோஸ் மோயாவும். இருவருமே மயோர்க்கா தீவுக்காரர்கள். மோயா பத்து வயது மூத்தவர், 1998 பிரெஞ்சு ஓப்பன் சாம்பியன், சென்னையில் 2004லிலும் 2005லிலும் கோப்பை எடுத்தவர். சின்ன வயதிலிருந்தே நடாலுக்கு அண்ணன் மாதிரி. (பின்னாளில் பயிற்சியாளராகவும் ஆனார்.) ஐயா அதை எனக்கு எங்கள் ஊர்க் கணக்கில் விளக்கினார்: "ஒரே கோயில் பங்காளிக மாதிரிடா தம்பி. வெட்டிக்கவும் மாட்டாக, விட்டுக்கொடுக்கவும் மாட்டாக."

அப்படியேதான் ஆடினார்கள். முதல் செட் டைபிரேக்கரில் மோயாவுக்கு. இரண்டாவது டைபிரேக்கர் 10-8 நடாலுக்கு. மூன்றாவதும் டைபிரேக்கர், அதில் நடால் 7-1. நோட்டில் இருப்பது: 6-7 ௩, 7-6 ௮, 7-6 ௧. நடால் நான்கு மேட்ச் பாயிண்ட்டை (மோயா இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் என்ற கட்டத்தை) காப்பாற்றிய பிறகுதான் இது நடந்தது. மொத்தம் 3 மணி 54 நிமிஷம். மூன்று செட் ஆட்டத்துக்கு இது பேய் நேரம். ஐந்து செட் ஆட்டமே பல சமயம் இதற்குள் முடிந்துவிடும். மார்கழி என்றாலும் சென்னையின் புழுக்கம் எங்கே போகும்? டிவியில் பார்த்தபோது இருவர் சட்டையும் பிழிந்தால் சொட்டும் போல இருந்தது. எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போய், அப்பத்தா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு மூன்றாவது தடவை கூப்பிடவில்லை.

மறுநாள் இறுதி. பொங்கல் வேலை தொடங்கிவிட்டதால் பித்தளைச் சாமான் முழுக்க வளவில் (வீட்டு முற்றத்தில்) கிடந்தது. அப்பத்தா ஓர் அண்டாவைப் புளி போட்டு விளக்கிக்கொண்டே அப்பப்போ டிவிப் பக்கம் எட்டிப் பார்த்தார். முதல் செட் 6-0 என்று முடிந்ததும், "நேத்து அந்தப் பாடு பட்டவுகளா இவுக? ஓடவே காணோமே" என்றார். டென்னிஸ் தெரியாதவர் சொன்னதுதான், ஆனால் அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் அன்றைக்குக் கேட்கவில்லை. ஓரத்தில் விழுந்த பந்துக்கு நடால் கிளம்பவே இல்லை. வழக்கமாக மூன்று பந்து கூடுதலாக ஆட வைத்து எதிராளியை நோகடிக்கிறவர், அன்று பந்து தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது செட்டில் அவருக்கு ஒரே ஒரு கேம் கிடைத்தது. ஆட்டம் முடிந்ததும் யூஷ்னி வழக்கம்போல ராக்கெட்டைத் தலைமேல் வைத்துச் சல்யூட் அடித்தார்.

அன்று இரவு ஐயா நோட்டை எடுத்து எழுதிவிட்டு, ஓரத்தில் கூட்டல் போட்டார். அரையிறுதியின் மூன்று செட்டும் ஒவ்வொன்றும் 13 கேம், ஆக 39. இறுதியில் 6-0, 6-1, மொத்தம் 13. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் நாள் ஒரு செட்டுக்கு ஆடிய அளவைத்தான் மறுநாள் ஆட்டம் முழுக்கவே ஆடியிருக்கிறார்கள்.

அசதி மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. யூஷ்னியைக் குறைத்து எடைபோடக் கூடாது. 2006 யு.எஸ். ஓப்பன் காலிறுதியில் இதே நடாலைத் தோற்கடித்தவர் அவர். 2007 விம்பிள்டனில் முதல் இரண்டு செட்டையும் ஜெயித்து நடாலைத் திணறடித்து, கடைசியில் ஐந்து செட்டில் கோட்டைவிட்டவர். ஒற்றைக் கை பேக்ஹேண்டில் பந்தைத் தட்டையாக, சீக்கிரமே எடுத்து அடிப்பார். கால் ஓய்ந்த ஆளுக்கு எதிரே அப்படி ஒருவர் வந்து நின்றால் நேரமே கிடைக்காது. சென்னையில் கோப்பை எடுத்த அதே மாதம் தரவரிசையில் 8ஆம் இடத்துக்கு வந்தார். அவரது வாழ்நாள் உச்சமே அதுதான். "நடால் வேண்டுமென்றே விட்டுவிட்டார்" என்று அப்போது டீக்கடையில் பேசியவர்களும் உண்டு. அதற்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

ஒரு நாள் ஓய்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நடாலையே வைத்துப் பார்க்கலாம். 2009 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் வெர்டாஸ்கோவுடன் 5 மணி 14 நிமிஷம் ஆடினார். சென்னையைவிட மோசமான உழைப்பு. ஆனால் நடுவில் சனிக்கிழமை ஒரு நாள் கிடைத்தது. ஞாயிறன்று ஃபெடரரை ஐந்து செட்டில் ஜெயித்தார். அதே வருஷம் மே மாதம் மாட்ரிட்டில் ஜோகோவிச்சுடன் அரையிறுதி, மூன்று செட், 4 மணி 3 நிமிஷம். மறுநாளே இறுதி. ஃபெடரரிடம் 6-4, 6-4 தோல்வி, அதுவும் அவருடைய கோட்டையான களிமண்ணில்! சென்னை ஓப்பன் போன்ற போட்டிகள் ஒரே வாரத்தில் முடிய வேண்டும். அதனால் சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிறு இறுதி. சனிக்கிழமை அதிகம் செலவழித்தவருக்கு ஞாயிறன்று கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஓய்வு கிடைத்தால் கோப்பை நிச்சயம் என்றும் சொல்லிவிட முடியாது. நோட்டில் 2009 சென்னை ஓப்பனைப் பார்த்தால், நம்ம சோம்தேவ் தேவ்வர்மன் வைல்டு கார்டில் (தரவரிசை போதாதவருக்குப் போட்டி நடத்துபவர்கள் தரும் இடம்) உள்ளே வந்து, வழியில் மோயாவையும் சாய்த்து, இறுதிக்குப் போனார். அரையிறுதியில் ஷூட்லர் காயத்தால் விலகியதால் பந்தைத் தொடாமலே தாண்டினார். ஐயா அந்த வரியில் ஸ்கோர் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறார். காலெல்லாம் புத்தம் புதுசு, ஆனால் இறுதியில் எதிரே மரின் சிலிச். 6-4, 7-6 என்று தோல்வி.

6-0, 6-1 என்று தோற்ற நடாலுக்கு அந்த 2008 எப்படிப் போனது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஜூனில் பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் ஃபெடரருக்கு மொத்தமே நான்கு கேம்தான் கொடுத்தார்: 6-1, 6-3, 6-0. அப்புறம் விம்பிள்டன், ஒலிம்பிக் தங்கம், ஆகஸ்டில் முதலிடம். ஆனால் சென்னை ஓப்பன் பக்கம் அவர் திரும்ப வரவில்லை. ஐயாவுக்கு அதில் வருத்தம்தான்.

ஐயா போன பிறகு நோட்டை நான் எழுதினேன். கடைசிப் பதிவு 2017, பாடிஸ்டா அகுட் 6-3, 6-4 என்று மெத்வதேவை ஜெயித்தது. மெத்வதேவ் யாரென்றே அப்போது எனக்குத் தெரியாது. பெயரை ஒரு தடவை அடித்துத் திருத்தியிருக்கிறேன். 2018ல் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். அம்மா வீணாக்குவாரா? மெத்வதேவுக்கு நேர் கீழே ஒரு கோடு போட்டு, பால் கணக்கு ஆரம்பமாகிறது.