ரேடியேட்டரில் டீ நிறத் தண்ணீர்

கேள்வி: 1998 மாருதி 800 வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து ரேடியேட்டருக்கு வீட்டு போர் தண்ணீர்தான். இப்போது மூடியைத் திறந்தால் உள்ளே டீ மாதிரி இருக்கிறது. புதுச்சேரி போகும்போது அரியாங்குப்பம் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. எல்லாவற்றையும் வடித்துவிட்டு நானே கூலன்ட் ஊற்றலாமா? – வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாக ஊற்றலாம். ஆனால் முள் ஏறுவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். முள் ஏறும்போது அது சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ஃபேன் சுவிட்ச், மோட்டார் என வரிசையாகப் பார்க்கவேண்டும். வேகமாக ஓடும்போதும் ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

'கடலூரில் என்ன பனியா உறையப்போகிறது, தண்ணீரை உறையவிடாத கூலன்ட் எதற்கு' என்று கேட்பவர்கள் உண்டு. வெப்பத்தை இழுத்துக்கொண்டு போவதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது துருவைத் தடுக்காது; உங்கள் டீ நிறம் அந்தத் துருதான். உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம். எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டை அரிக்கும், ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிவை உண்டாக்கும். கூலன்ட்டில் துருத்தடுப்பு மருந்து இருக்கிறது, கொதிநிலையும் கூடுகிறது. அதனால் எந்தக் கம்பெனி கூலன்ட் என்பதைவிட அதில் என்ன தண்ணீர் கலக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள்.

ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில், காலையில் வேலையைத் தொடங்குங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். கீழே பேசின் வைத்து வடிகுழாய்த் திருகைத் திறங்கள். இத்தனை வருடம் திறக்காத திருகு இறுகியிருக்கும். நான் ஒருமுறை கட்டிங் பிளேயரால் திருகி அதை முனையோடு உடைத்திருக்கிறேன். அசையவில்லை என்றால் விட்டுவிட்டு, ரேடியேட்டரின் கீழ் ஹோஸை (ரப்பர் குழாயை) இறுக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி அந்த வழியாக வடியுங்கள்.

அப்புறம் தண்ணீர் நிரப்பி, மூடியைப் போட்டு, எஞ்சினை ஓட விடுங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வெகுநேரம் குளிர்ந்தே இருந்துவிட்டுப் பிறகு மளமளவென்று சூடேறும். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். நிறுத்தி, ஆறவிட்டு, வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். எஞ்சின் பிளாக்கில் எப்படியும் கொஞ்சம் தங்கிவிடும் என்பதால் கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னால் வேண்டாம் என்பேன். பழைய ரேடியேட்டரில் சில ஓட்டைகளைத் துருதான் அடைத்துக்கொண்டிருக்கும்.

கூலன்ட்டில் இரண்டு வகை. தண்ணீர் கலந்தே வருவது ஒன்று, கெட்டியாக வருவது இன்னொன்று. உள்ளே தங்கிய தண்ணீர் கலந்தே வருவதை நீர்த்துப்போக வைக்கும், ஆகவே உங்களுக்குக் கெட்டிதான் சரி. சிஸ்டத்தின் மொத்தக் கொள்ளளவு கையேட்டில் இருக்கும். அதில் பாதி அளவு கூலன்ட்டை முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். பாதிக்கு மேல் போகவேண்டாம், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேயும் இறங்கவேண்டாம். பச்சையோ சிவப்போ, நிறம் வெறும் சாயம். ஆனால் வெவ்வேறு கூலன்ட்களை ஒன்றோடொன்று கலக்காதீர்கள்.

பலர் கோட்டை விடுவது காற்றை வெளியேற்றுவதில். மூடியைத் திறந்து வைத்தே, ஹீட்டர் இருந்தால் அதையும் சூடு பக்கம் திருப்பி, ஐடிலில் ஓட விடுங்கள். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கினால் குமிழ்கள் பொளக் பொளக் என்று வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழ் நின்று ஃபேனும் ஒருமுறை ஓடிய பிறகு மூடலாம். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புது மூடியே போடுங்கள், பெரிய செலவில்லை.

மிஞ்சிய கூலன்ட்டையும், பின்னாளில் வடிக்கும் கூலன்ட்டையும் சாக்கடையில் கொட்டாதீர்கள். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் செத்தே போகலாம். கேனில் அடைத்து, பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ஒரு வாரம் தினமும் காலையில் மட்டத்தைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் சற்றுக் குறைவது சகஜம். அதற்குப் பிறகும் குறைந்தால் வண்டிக்கடியில் ஈரம் தேடுங்கள். தரை காய்ந்திருந்தால் எஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.