துணைநூற்பட்டியலில் எல்லாரும் ‘செ’வில் வந்து நின்றால்

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி கேட்கிறார்: “நகரத்தார் திருமணத்தில் எழுதும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தப் பத்திரம் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். துணைநூற்பட்டியலை இணையக் கருவியில் போட்டு எடுத்தேன். பெயர், ஆண்டு எல்லாம் தப்பு என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி கையாலேயே எழுதிவிடவா?”

வேண்டாம். ஜோட்டேரோ, ஜோட்டேரோபிப் போன்ற இலவசக் கருவிகள் நல்ல வேலையாட்கள். புள்ளி, காற்புள்ளி, சாய்வெழுத்து எல்லாம் அவை பார்த்துக்கொள்ளும். எது பெயர், எது ஆண்டு என்பதை மட்டும் நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும்.

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டை செட்டியார்கள் பற்றி டேவிட் ரட்னர் எழுதி 1994-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட நூலின் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணைப் போட்டால், பெரும்பாலும் எல்லா விவரமும் சரியாக வந்துவிடும். சிக்கல் நம் பெயர்களில்தான். கருவி ஒரு பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அழகப்ப செட்டியார் ‘செட்டியார், அ.’ ஆகிவிடுவார். அண்ணாமலை செட்டியாரும் ‘செட்டியார், அ.’ தான். இருவரும் ஒருவரே என்று படிப்பவர் நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. முத்தையா எஸ். என்று இனிஷியலைப் பின்னால் போட்டால் இன்னும் மோசம், அந்த ‘எஸ்’ஸே குடும்பப் பெயராகிவிடும்.

தீர்வு சின்னதுதான். ஜோட்டேரோவில் பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகும். அதில் ‘அழகப்ப செட்டியார்’ என்று முழுதாக எழுதுங்கள், அப்படியே வரும். இனிஷியல் உள்ளவர்களுக்கு இரண்டு கட்டத்தையும் வைத்துக்கொண்டு, முதன்மைப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ‘சொக்கலிங்கன்’, மற்றதில் ‘ராய.’ என்று பிரித்துப் போடுங்கள். ஒரே வகைப் பெயருக்குப் பட்டியல் முழுக்க ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

அப்புறம் ஆண்டு. எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகள் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டது 1909-ல். நாட்டுக்கோட்டை செட்டி பற்றிய பகுதி 5-ம் தொகுதியில் இருக்கிறது. இணையத்தில் அதன் ஸ்கேன் பக்க முகவரியைக் கருவியில் ஒட்டினால், யாரோ பதிவேற்றிய ஆண்டு வந்து விழலாம், தொகுதி எண் காணாமலும் போகலாம். முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துத் திருத்துங்கள்.

பழைய தமிழ் அச்சுப் புத்தகத்தில் வெறும் ‘நந்தன வருஷம்’ என்றிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அது திரும்பி வரும். 1892-93-ம் நந்தன, 1952-53-ம் நந்தன. அச்சுக்கூடத்தின் பெயர், விலை, எழுத்து வடிவம் பார்த்து முடிவு செய்த பிறகு, ‘நந்தன [1892-93]’ என்று பகர அடைப்பில் ஆங்கில ஆண்டைச் சேருங்கள். இதை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாது. நான் மிகவும் மதிக்கும் வேலை இது, ஒரு வரிக்கு ஒரு மாலை முழுக்கப் போனாலும் சரி.

ஆதாரமாக வீட்டுப் பேரேடு (கணக்குப் புத்தகம்) இருந்தால், அதை ‘கையெழுத்துப் படி’ என்ற வகையில் போடுங்கள். ஆசிரியர் கட்டத்தில் அட்டையில் உள்ள விலாசத்தை (முகவரி அல்ல, குடும்பத்தின் பெயர்க்குறி), இனிஷியல்களோடு அப்படியே ஒற்றைக் கட்டத்தில் எழுதி, ஊரையும் ‘குடும்பச் சேகரிப்பு’ என்பதையும் சேருங்கள். வீட்டாரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். ஆச்சியிடம் பேசிய தகவல், துணைநூல் குறிக்கும் நடைகளில் ஒன்றான எம்எல்ஏ (MLA) முறையில் பட்டியலில் வரும். இன்னொரு நடையான ஏபிஏ-வில் (APA) அது பட்டியலில் வராது. பெயரும் தேதியும் உரைக்குள்ளேயே நிற்கும்.

நெறியாளர் பதிப்பகத்தின் ஊரையும் கேட்கிறார் என்றால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். 2019-ல் வந்த ஏபிஏ 7-ம் பதிப்பு ஊர்ப்பெயரைக் கைவிட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழக விதி எந்தப் பதிப்பு என்று கேட்டு அந்த நடையைத் தேர்ந்தெடுங்கள்.

முகப்புப் பக்கம் கிழிந்த நூல் கையில் இருந்தால், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பிலிருந்து பிறந்த சென்னை ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலில் முதலில் தேடுங்கள்.