பொடிசும் பழசும்: கேளுங்கள், சொல்கிறேன்

முப்பது வருடமாகப் பழம்பொருள் சேர்க்கிறேன். தகர பொம்மையும் கிராமபோன் இசைத்தட்டும்தான் என் பைத்தியம். மற்றவையெல்லாம் கேள்வி ஞானம். இப்போது இரண்டரை வயதுப் பேத்தி, நான் எங்கே கிளம்பினாலும் செருப்பைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். அதனால் குழந்தையோடு வெளியே போவது, பழசு தேடுவது இரண்டைப் பற்றியும் கேட்கலாம். விலை மட்டும் கேட்காதீர்கள். கேட்கத்தான் போகிறீர்கள் என்பதும் தெரியும்.

கேள்வி: எங்கள் மகனுக்கு இருபது மாதம். எனக்கும் கணவருக்கும் பழைய பொருள் சந்தை என்றால் உயிர். பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடப் போகவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா ஐயா?

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. ஆனால் அது உங்கள் நாள் இல்லை, அவன் நாள் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

சந்தை திறக்கும்போதே போய்விடுங்கள். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் தூக்கமும் அதில் அடக்கம். அந்தப் பகல் தூக்கத்தைத் திருடி நீங்கள் வாங்கும் எந்தப் பொருளும் நஷ்டத்தில்தான் முடியும். தூக்க நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே சந்தையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.

இருவரில் ஒருவர் குழந்தையை மட்டும் பார்க்க வேண்டும், மற்றவர் பொருளை மட்டும் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளுங்கள். 'இரண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்றால் இரண்டு பேருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

குழந்தையை முதுகில் சுமக்கும் பை வேண்டாம். நீங்கள் முன்னால் இருக்கும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவன் பின்னால் இருக்கும் அலமாரியைக் காலி செய்துகொண்டிருப்பான். ஒருமுறை நான் திரும்பிப் பார்த்தபோது பேத்தியின் கையில் ஒரு பீங்கான் மூடி இருந்தது. மூடி மட்டும்தான். ஜாடி எங்கே என்று தேடியபோது கடைக்காரர் வாய் பேசாமல் தரையைக் காட்டினார்.

தள்ளுவண்டி கொண்டுபோகலாம், ஆனால் வாங்கியதை அதன் கைப்பிடியில் மாட்டாதீர்கள். பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டி ஒன்றை அப்படி மாட்டியிருந்தேன். பேத்தியை இருக்கையிலிருந்து தூக்கிய நொடியில் வண்டி மல்லாந்தது. அவள் உள்ளே இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

கடைசியாக, அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். பேத்தியின் கையில் ஒரு வெற்று மரப்பெட்டியைக் கொடுத்து மூடியைத் திறந்து மூடச் சொன்னேன். இருபத்தைந்து நிமிடம் திறந்தாள், மூடினாள், உள்ளே குனிந்து பார்த்தாள், மறுபடி மூடினாள். அதற்குள் நான் ஒரு பெட்டி இசைத்தட்டை முழுதாகப் புரட்டிவிட்டேன்.

கேள்வி: தாத்தாவின் வால்வு ரேடியோ இருக்கிறது. என்ன விலை போகும்?

பதில்: வாங்க வருபவர் எவ்வளவு தருகிறாரோ அவ்வளவு.

கேள்வி: சாவி கொடுத்தால் ஓடும் தகர கார், அப்பா சிறுவயதில் விளையாடியது. இன்னும் ஓடுகிறது. என் இரண்டு வயது மகள் அதைக் கேட்டு அழுகிறாள். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. அழட்டும்.

முதல் காரணம் பெயிண்ட். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் சர்வ சாதாரணம். அமெரிக்காவில்கூட வீட்டுப் பெயிண்டிலும் பொம்மைப் பெயிண்டிலும் அதைத் தடை செய்தது 1978இல்தான். பெரியவர் வயிற்றில் போகும் ஈயத்தைவிடக் குழந்தை வயிற்றில் போவது நான்கைந்து மடங்கு அதிகமாக உடலில் சேர்கிறது. இரண்டு வயதில் எதுவும் வாய்க்குத்தான் முதலில் போகும். உரிந்த துணுக்கைத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. தொட்ட விரலைச் சப்பினாலே போதும்.

இரண்டாவது காரணம் தகரத்தின் விளிம்பு. இரண்டு பாதிகளையும் சின்ன நாக்குகளை மடித்துத்தான் சேர்த்திருப்பார்கள். ஒரு நாக்கு நிமிர்ந்தாலும் பிளேடுதான்.

மேல்தட்டில் வையுங்கள். துடைக்கும்போது ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த துணியால் தட்டினால் தூசி வீடெல்லாம் பரவும். துடைத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: மூன்று பிள்ளைகளை வளர்த்தவன் நான். நாங்கள் எல்லாரும் அந்த பொம்மைகளோடுதான் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது? வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

பதில்: ஒன்றும் ஆகவில்லை என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் ஐயா? ஈயம் காய்ச்சல் மாதிரி வந்து போவதில்லை. அது மூளை வளர்ச்சியைத் தொடுகிறது. கற்கும் திறன், கவனம், நடத்தை ஆகியவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறது. குறைந்ததை அளக்கக் குறையாத இன்னொரு 'நீங்கள்' பக்கத்தில் நிற்கப் போவதில்லை. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று எந்த அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேள்வி: மறுபடி நான்தான். பொம்மை செய்தவன் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சிறை வைக்கவா செய்தான்? விளையாடாத பொம்மை செத்த பொம்மை. உங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் பெயிண்டைச் சாக்காகச் சொல்லி விலையைக் காப்பாற்றுகிறீர்கள்.

பதில்: இதில் பாதி உண்மை என்பதால்தான் கோபம் வருகிறது. சேர்ப்பவர்களில் அட்டைப்பெட்டியைக்கூடத் திறக்காதவர்கள் உண்டு. அவர்களிடம் எனக்கும் சண்டைதான். என் வீட்டுத் தகர ரயிலுக்கு மாதம் ஒருமுறை நானே சாவி கொடுத்து ஓட்டுகிறேன். சாவியை முழுதாக முறுக்குவதில்லை, முக்கால்வாசிதான்; உள்ளேயிருக்கும் சுருள்வில்லுக்கு என்னைவிட வயது அதிகம்.

நான் சொல்வது 'யாரும் விளையாடக் கூடாது' என்பதில்லை. இரண்டு வயது கூடாது என்பதுதான். எட்டு வயதில் மேசையில் உட்கார வைத்து நீங்களே சாவி கொடுங்கள், அவள் பார்க்கட்டும், முடிந்ததும் இருவரும் கை கழுவுங்கள். அந்த நாளுக்காகத்தான் ஆறு வருடம் மேல்தட்டில் வைக்கச் சொல்கிறேன். செத்த பொம்மை அல்ல ஐயா, காத்திருக்கும் பொம்மை.

கேள்வி: இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். புதுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டால் இருவர் வாதமும் தீர்ந்ததே?

பதில்: தீராது. புதுப் பூச்சு உரிந்தால் அடியிலிருப்பதையும் சேர்த்துக்கொண்டுதான் உரியும். சுரண்டிவிட்டு அடித்தால் சுரண்டிய தூசி இன்னும் மோசம். பொம்மையும் கெட்டது, வீடும் கெட்டது.

கேள்வி: சரி, தகரம் வேண்டாம். வார்ப்பு உலோகக் கார்கள்? அவை கெட்டியானவை அல்லவா? என்னிடம் 1930களைச் சேர்ந்த ஒன்று இருக்கிறது. லேசாக வெடிப்பு விட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பதில்: 'அவ்வளவுதான்' இல்லை. அந்தக் காலத் துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். மருந்து கிடையாது. ஈரமும் சூடும் படாத இடத்தில் வைத்தால் சாவு தள்ளிப்போகும், அவ்வளவே. ஓரம் உதிரும் காரைக் குழந்தையிடம் கொடுப்பதா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

கேள்வி: பழைய செப்பு நாணயங்களைப் பளபளப்பாக்க எது நல்லது?

பதில்: சும்மா இருப்பது நல்லது. தேய்க்காதீர்கள். அந்தக் கருப்பு நிறம்தான் அதன் வயது. தேய்த்தால் திரும்பி வராது.

கேள்வி: பித்தளை மணி ஒன்று கறுத்திருக்கிறது, புளிப்பான எதையாவது போட்டு...

பதில்: தேய்க்காதீர்கள்.

கேள்வி: பரணில் எண்பது கிராமபோன் தட்டுகள் கிடைத்தன. ஒரே பூஞ்சை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: நல்லவேளை, செய்துவிட்டு வந்து கேட்கவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்றும் பழைய தட்டைப் பெரும்பாலும் இறுக்கிப் பிடித்திருப்பது அரக்கு. பூச்சி சுரக்கிற அதே அரக்குதான். மரச்சாமானுக்கு மெருகு போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில். நண்பர் பேச்சைக் கேட்டால் பூஞ்சையோடு பாட்டும் துணியில் வந்துவிடும்.

அறைச் சூட்டில் இருக்கும் காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் ஒரு துளி வாசனையில்லாத பாத்திர சோப்பு, மென்மையான துணி. பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, வெறும் தண்ணீரில் இன்னொருமுறை துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஊறப்போடாதீர்கள். நடுவிலிருக்கும் காகித முத்திரையில் தண்ணீர் படக் கூடாது. காய்ந்ததும் உறையிலிட்டு நேராக நிற்க வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியிலிருப்பது வளையும்.

சாவி கிராமபோனில் போடுவதாக இருந்தால் எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஊசி தேய்வதற்காகவே செய்தது. அது தேயாவிட்டால் தட்டு தேயும். 1948இல் வந்த நெடுந்தட்டும் (எல்.பி.) அதன் பிறகு வந்தவையும் பெரும்பாலும் வினைல் என்ற பிளாஸ்டிக். அவற்றை இந்த ஊசியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

குழந்தைக்கு இதில் இடமுண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உண்டு. நான் தட்டைப் போடுவேன், பேத்தி இரண்டடி தள்ளி நின்று குழலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள். பாட்டு முடியும் இடத்தில் 'க்ரக், க்ரக்' என்று வருமே, அதற்குத்தான் ஆடுவாள்.

கேள்வி: வெளியே போகும்போது கழிப்பறைப் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது?

பதில்: என் துறை இல்லை. மாற்றுத் துணி இரண்டு, உங்களுக்கும் ஒன்று.

கேள்வி: நூறு வருடத் தொட்டில் குடும்பத்தில் இருக்கிறது. கைக்குழந்தையை அதில் படுக்க வைக்க மாமியார் ஆசைப்படுகிறார்.

பதில்: பக்கக் கம்பிகளுக்கு நடுவில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். அந்த அளவு சரியாக இருந்தாலும் பெயிண்ட் இருக்கிறது, ஆடும் ஆணி இருக்கிறது. பக்கவாட்டுத் தடுப்பை மேலும் கீழும் இறக்கும் தொட்டில்களை அமெரிக்கா 2011இல் தடையே செய்துவிட்டது. மாமியாரிடம் தொட்டில் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பொம்மைகளைப் படுக்க வையுங்கள், படம் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

கேள்வி: பழைய பெரிய மரப்பெட்டி வாங்கினோம். பையன் உள்ளே ஏறி ஒளிந்து விளையாடுகிறான், பார்க்கவே அழகு.

பதில்: இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அதன் தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். தானாக விழுந்து பூட்டும் தாழ் என்றால் உள்ளேயிருந்து திறக்க முடியாது, காற்றும் போகாது. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் குழந்தைகள் இப்படி மாட்டி இறந்ததால்தான் 1956இல் அமெரிக்காவில் உள்ளிருந்து திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. மூடி தலையில் விழாதிருக்கத் தாங்கியும் பொருத்துங்கள். பெட்டி அழகு ஒரு துளியும் குறையாது.

கேள்வி: இரவில் ஒளிரும் முள் கொண்ட பழைய கைக்கடிகாரம் வாங்கினேன். இப்போது ஒளிரவில்லை, அதனால் ஆபத்து போய்விட்டது என்கிறார்கள்.

பதில்: முள்ளில் பூசியது கதிர்வீச்சு விடும் ரேடியமாக இருந்தால், ஒளிர்வது தீர்ந்தது, ரேடியம் தீரவில்லை. அதன் பாதி குறையவே சுமார் 1600 வருடம் ஆகும். மங்கியது அதோடு கலந்த, ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடு. கண்ணாடியைத் திறக்காதீர்கள், உள்ளேயிருக்கும் தூளை ஊதாதீர்கள், குழந்தை கைக்குப் போகக் கூடாது.

கேள்வி: தகர பொம்மைக்கு அதன் அட்டைப்பெட்டி இருந்தால் விலை கூடுமா?

பதில்: விலைக் கேள்விதான், ஆனாலும் பதில் சொல்கிறேன். கூடும், வெகுவாகக் கூடும். பொம்மையைக் குழந்தைகள் பத்திரமாக வைத்தார்கள், பெட்டியைக் கிழித்துவிட்டார்கள். அதனால் பெட்டிதான் அரிது. அமெரிக்காவின் தேசிய பொம்மைப் புகழரங்கில் 2005ஆம் ஆண்டு வெறும் அட்டைப்பெட்டியைச் சேர்த்தார்கள். 2008இல் குச்சியைச் சேர்த்தார்கள். வெளியே அழைத்துப் போன எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இந்தத் தீர்ப்பைத்தான் சொல்லியிருக்கும்.

கேள்வி: என்னிடமும் ஒரு பழைய ரேடியோ...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: பேத்தியோடு கடைசியாகப் போனபோது என்ன கிடைத்தது ஐயா?

பதில்: இதையல்லவா முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்! நான் மேசைமேல் இருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று நகர்ந்தேன். அவள் நகரவில்லை. மேசைக்கு அடியில் குந்தி ஒரு செருப்புப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கயிறு, உடைந்த பூட்டு, அவற்றுக்கு நடுவே, சாவி இல்லாமல் கிடக்கும் என் இன்னொரு தகர ரயிலுக்கு எட்டு வருடமாக நான் தேடும் அளவில் ஒரு சாவி. சாவியை என் பைக்குள் போட்டேன். செருப்புப் பெட்டியை அவள் விடவில்லை, கடைக்காரர் அதையும் கொடுத்துவிட்டார்.

எழுந்துவிட்டாள், செருப்பைத் தேடும் சத்தம் கேட்கிறது. மிச்சக் கேள்விகள் நாளைக்கு.