மழை மதியத்துக்கு மாவு விளையாட்டு

கோலாலம்பூர் செந்தூலில் ஃபிளாட் வீடு, 3, 6 வயதுப் பிள்ளைகள், மதியமானால் மழை, கைப்பேசியைப் பிடுங்கினால் அழுகை, வீட்டுக்குள் என்ன விளையாட வைக்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

சோள மாவு வாங்குங்கள். கடையில் மலாயில் தெப்போங் ஜாகோங் என்று கேட்டால் தருவார்கள். 2 கப் மாவுக்கு 1 கப் தண்ணீர். ஓங்கிக் குத்தினால் கல்லாக இறுகும், மெதுவாக விரலை விட்டால் பாலாக வழியும். திடீரென்று அழுத்தும்போது மாவுத் துகள்கள் நெருக்கிக்கொள்வதுதான் காரணம். என் மகன் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. முடிந்ததும் சிங்க்கில் மட்டும் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும் (பட்டுத் தெரிந்துகொண்டது). காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

அப்புறம் பல்லாங்குழி. பக்கத்துக்கு 7 குழி வேண்டும். 10 முட்டை அட்டையில் 5தான் வரும், பரவாயில்லை. காய்க்குப் புளியங்கொட்டை போதும், ஆனால் அதைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டுக்கொள்ளும், அது தூங்கும்போது பெரிய பிள்ளையோடு ஆடுங்கள்.