ரவுட்டர் ஒன்று, கருவிகள் நாலைந்து: கேள்வி பதில்

வீட்டு நெட்டில் பல கம்ப்யூட்டர்களையும் கேம் கன்சோலையும் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதில் எதற்கும் பெரிய பிளானுக்கு மாறுவது மருந்து இல்லை.

கேள்வி: சார், இரண்டு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப், ஒரு பிளேஸ்டேஷன் இருக்கிறது. ஃபைபர்காரர் வைத்துவிட்டுப் போன ரவுட்டரில் இரண்டு லேன் போர்ட்தான் (கருவிகளுக்குக் கேபிள் செருகும் துளை). இன்னொரு ரவுட்டர் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்று போதும் (ஒரு கேபிளில் வரும் நெட்டைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை அதற்குக் கொடுத்துவிட்டால் மீதி நான்கு போர்ட்டும் உங்களுக்கு. செட்டிங் எதுவும் கிடையாது. ஐபி முகவரியை (நெட்டில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) ரவுட்டரே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடும். கடையில் மலிவாக 10/100 ஸ்விட்சை நீட்டுவார்கள். ஒவ்வொரு போர்ட்டும் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 10/100/1000 என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு போர்ட்டை இரண்டாக்கும் குட்டி ஸ்ப்ளிட்டர் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: அண்ணே, நான் ஏற்கெனவே இரண்டாவது ரவுட்டர் வாங்கி மாட்டிவிட்டேன். நெட் வருகிறது, ஆனால் பிஎஸ்4-இல் நேட் டைப் 3 என்று காட்டுகிறது. நண்பர்களோடு பேச முடியவில்லை.

பதில்: வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் வெளியே ஒரே முகவரியாகக் காட்டுவதுதான் நேட். உள்ளேயிருந்து கேட்டதற்கு வரும் பதிலை ரவுட்டர் உரிய கருவியிடம் சேர்க்கும். கேட்காமல் வருவதை வாசலிலேயே நிறுத்திவிடும். யூடியூப் பார்க்க இது போதும். வாய்ஸ் சாட்டும் ஒருவரோடு ஒருவர் நேரடியாக இணையும் ஆட்டங்களும் அப்படியல்ல, வெளியிலிருந்து வரும் இணைப்பு உள்ளே நுழைய வேண்டும். உங்கள் வீட்டில் இப்போது இரண்டு வாசல், இரண்டிலும் காவல். அதனால்தான் கெடுபிடியான டைப் 3.

இரண்டாவது ரவுட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் (ரவுட்டர் வேலையை விட்டு வைஃபையும் போர்ட்டும் மட்டும் தரும் நிலை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் அதன் முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள் (அது 192.168.1.1 என்றால் இது 192.168.1.2, அந்த எண்ணை வேறு கருவி எதுவும் வைத்திருக்கக் கூடாது). அடுத்து அதில் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அணையுங்கள். கடைசியாக, கேபிளை வான் போர்ட்டிலிருந்து (வெளி நெட் வந்து சேரும் துளை) எடுத்து லேன் போர்ட்டில் செருகுங்கள். அப்புறம் முதல் ரவுட்டரில் யுபிஎன்பி (கன்சோல் கேட்கும் வழியை ரவுட்டர் தானே திறந்துவிடும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா பார்த்துவிட்டு, கன்சோலை அணைத்துப் போடுங்கள். டைப் 2 வந்தால் போதும். டைப் 1 என்பது நடுவில் ரவுட்டரே இல்லாத நேரடி இணைப்பு, அது உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: எல்லாம் செய்தேன் அண்ணே. இன்னும் டைப் 3தான்.

பதில்: முதல் ரவுட்டரின் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், மூன்றாவது வாசல் நெட் கம்பெனியிலேயே இருக்கிறது. ஐபிவி4 எனும் பழைய வகை முகவரிகள் பற்றாததால் பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள், சிஜிநேட் என்பார்கள். அந்த எண்வரிசையையே 2012-இல் இதற்கென்று ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைக் குறிப்பிட்ட கருவிக்கு அனுப்பும் ஏற்பாடு) செய்து பயனில்லை. கஸ்டமர் கேரில் “கேம் சரியாக ஓடவில்லை” என்று சொன்னால் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். “பப்ளிக் ஐபி வேண்டும்” என்றே கேளுங்கள், அதாவது பங்கு போடாத வெளி முகவரி. சிலர் தனிக் கட்டணம் வாங்குவார்கள்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளான். டவுன்லோடில் 12தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. பிளான் மெகாபிட்டில், டவுன்லோடு மெகாபைட்டில். எட்டால் வகுத்தால் 12.5.

கேள்வி: ரவுட்டர் கீழே, பையனின் பிஎஸ்4 மாடியில். வைஃபை விட்டு விட்டு வருகிறது. எக்ஸ்டெண்டர் போடலாமா?

பதில்: கான்கிரீட் தளத்தைத் தாண்டி வரும்போதே சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும். 2013-இல் வந்த முதல் பிஎஸ்4 என்றால் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான். 5 அதில் இல்லவே இல்லை. ஸ்லிம், புரோ மாடல்களில் உண்டு. சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதி. கேட்6 கேபிள் ஒன்றை மாடிக்கு இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய சிசிஏ நிறைய விற்கிறது. கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள். வெளிச்சுவர் வழியாக என்றால் வெயில் தாங்கும் அவுட்டோர் கேபிள்.

கேள்வி: தம்பி கேம் அப்டேட் போட்டால் என் ஆபீஸ் மீட்டிங் உறைந்துபோகிறது.

பதில்: அவன் பதிவிறக்கம் லைனை முழுக்க நிரப்புகிறது, உங்கள் பேச்சு ரவுட்டர் வரிசையில் காத்துக் கிடக்கிறது. ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்தக் கருவிக்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் வசதி) இருந்தால் கன்சோலுக்கு உச்சவரம்பு வையுங்கள், 100-க்கு 70 என்பது போல. இல்லையென்றால் கன்சோலை ரெஸ்ட் மோடில் விட்டு இரவில் அப்டேட் ஆக விடச் சொல்லுங்கள். அண்ணன் தம்பி பஞ்சாயத்துக்கு நான் வர மாட்டேன்.

கேள்வி: கரண்ட் போனால் நெட்டும் போய்விடுகிறது. மினி யுபிஎஸ் உதவுமா?

பதில்: உதவும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள். ரவுட்டர்கள் பலவும் 12 வோல்ட். ஸ்விட்சுக்கு வேறு வோல்ட் இருக்கலாம், மாற்றிச் செருகினால் புகைந்துவிடலாம். லேப்டாப்பில் வேலை நிற்காமல் ஓடும். பிளேஸ்டேஷனை அது தாங்காது.